பிரைமர் குழி பளபளக்க வேண்டாம், பிடித்தால் போதும்

அக்கா மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். போன வருடம், ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று வாங்கினான். ரேஞ்சுக்குப் போய்ப் பழகி, இப்போது தோட்டாவைத் தானே நிரப்பும் அளவுக்கு வந்துவிட்டான். சுட்ட கூட்டின் அடிக்குழியில் இருக்கும் பிரைமரை, அதாவது அடிபட்டதும் பொறி எழுப்பும் சின்னக் கிண்ணத்தை, எடுத்துவிட்டுப் புதுசு வைத்து, மருந்தும் குண்டும் போடுகிற வேலை அது. அவன் அனுப்பிய கேள்வி இது:

“மாமா, ராணுவத்தில் ஒரே ஒரு தடவை சுட்ட 7.62 (என் .308க்கும் ஆகிற அளவு) பித்தளைக் கூடு ஐந்நூறு மலிவாகக் கிடைத்தது. பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டேன். புதுசு உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. மூன்றை நசுக்கிவிட்டேன். குழியில் கரி இருக்கிறது, அதனால்தான் என்கிறார் ஒருத்தர். யூனிஃபார்மர் என்ற குழி கடையும் கருவியை வாங்கி ஐந்நூறையும் கடைந்துவிடு என்கிறார் இன்னொருத்தர். எதை வாங்குவது, எதை விடுவது? முதலில் எதைச் செய்வது?”

போனில் சொன்னால் பாதி காதில் ஏறும், பாதி காற்றில் போகும். அதனால் எழுதியே விடுகிறேன். கோயம்புத்தூரில் ஏழு வருடம் லேத்து, அப்புறம் ஓஹையோவில் பத்தொன்பது வருடம் மெஷின் ஷாப், சனிக்கிழமை தோறும் ரேஞ்சு என்று ஓட்டிவிட்டு இப்போது கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன். கையில் துப்பாக்கி இல்லை, நினைவு இருக்கிறது.

மாப்பிள்ளை, உன் பிரச்சினை கரி இல்லை. கிரிம்ப்.

ராணுவத் தோட்டா மெஷின் கன்னிலும் ஓட வேண்டும். அந்த வேகத்தில் ஒரு பிரைமர் கழன்று உள்ளே விழுந்தால் போதும், துப்பாக்கி அங்கேயே சிக்கி நின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையில் பிரைமரை உட்கார வைத்தபின் குழியின் வாய் விளிம்பை உள்பக்கமாக அழுத்தி மடக்கிவிடுகிறார்கள், இதுதான் கிரிம்ப். சிலவற்றில் அது முழு வளையமாக இருக்கும். சிலவற்றில் மூன்று நான்கு இடத்தில் உளி வைத்துக் குத்தியது போல இருக்கும். நீ பழைய பிரைமரைத் தட்டும்போது அது அந்த உதட்டைத் தாண்டி வெளியே வந்துவிடும், உதடு மட்டும் அப்படியே நிற்கும். புதுப் பிரைமர் வந்து அதில் முட்டுகிறது. நீ இன்னும் அழுத்துகிறாய், பிரைமர் ஓரம் மடங்கிச் சாய்கிறது. பித்தளைச் சொம்பின் விளிம்பு கீழே விழுந்து நசுங்கினால் மூடி எப்படி உட்காரும்? அதே கதைதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கூட்டின் அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடி. குழியின் வாயைச் சுற்றி நசுங்கிய வரி ஒன்று தெரியும். பக்கத்தில் கடையில் வாங்கிய சாதாரண .308 கூடு ஒன்றை வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் வித்தியாசம் புரிந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடு. கூட்டின் வாய் வழியாக உள்ளே டார்ச் அடி. நடுவில் ஒரே ஒரு துளை தெரிந்தால் அது பாக்ஸர் வகை, நமக்கு வேண்டியது அதுதான். ஓரமாக இரண்டு சின்னத் துளை தெரிந்தால் பெர்டான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்ஸர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பெர்டான் அமெரிக்கர். இருவரும் 1866 வாக்கில் ஆளுக்கொரு முறையைக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் அமெரிக்கா முழுக்க ஆங்கிலேயர் முறை ஓடுகிறது, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ராணுவத் தோட்டா பலதும் அமெரிக்கர் முறையில் ஓடுகிறது. பெர்டானில் பட்டடை, அதாவது பிரைமர் மருந்து மோதி நசுங்கும் மேடு, கூட்டோடு சேர்ந்தே இருக்கும், நடுத்துளை கிடையாது. பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி கொண்ட அச்சுதான் டை. சாதாரண டைக்குள் விட்டு அழுத்தினால் அந்த ஊசி போய்ப் பட்டடையில் முட்டி உடையும். நான் அப்படி உடைத்தது நம் ஊர்ச் சரக்கில்தான். புனே பக்கம் கிர்கீ தொழிற்சாலையில் செய்த பழைய .303, அடியில் கே எஃப் முத்திரை. ஓஹையோவில் ஒரு கண்காட்சியில் ஊர்ப் பாசத்தில் வாங்கினேன். ஊசி போனதுதான் மிச்சம்.

சரி, குழிக்கு வருவோம். பிரைமர் குழியில் நடக்கும் வேலை என்ன என்று தெரிந்தால் எந்தக் கருவி வேண்டும் என்று நீயே சொல்லிவிடுவாய்.

பிரைமர் என்பது ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் அடிபட்டால் பற்றும் மருந்து, அதன்மேல் மூன்று கால் கொண்ட குட்டிப் பட்டடை. ஃபயரிங் பின் கிண்ணத்தின் முதுகில் அடிக்கும்போது மருந்து கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவே நசுங்கி வெடிக்கிறது. பொறி குழியின் அடியில் உள்ள தீத்துளை வழியாக உள்ளே போய்க் கூட்டில் நிரப்பிய வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. நம் பாலக்காட்டுக் கோயில்களில் கதினா வெடி பார்த்திருப்பாய். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, அடியில் இருக்கும் சின்னத் துளையில் தீ வைப்பார்கள். அந்தத் துளை அடைத்திருந்தால் கதினா ஊமை. இங்கேயும் அதேதான், அளவுதான் இரண்டு மில்லிமீட்டர்.

மேலே சொன்னதில் கவனிக்க வேண்டியது பட்டடையின் கால். அது குழியின் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். ஊன்றாமல் அந்தரத்தில் நின்றால் ஃபயரிங் பின் அடிக்கிற அடியின் பலம் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும், மருந்தை நசுக்க மிச்சம் இருக்காது.

எனக்கு இது புரிந்தது புத்தகத்தில் இல்லை. எரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்று ஓர் இடம் உண்டு, 1907 முதல் அங்கே தேசியத் துப்பாக்கிப் போட்டி நடக்கிறது. அங்கே போகும் ஆசையில் ராணுவ .30-06 கூடு ஐம்பதைக் கிரிம்ப் எடுத்து நிரப்பினேன். முதலில் போல்ட் ஆக்‌ஷனில் பழகிப் பார்ப்போம் என்று பக்கத்து ரேஞ்சுக்குப் போனேன். நாலாவது தோட்டா. டிக் என்று சத்தம், அவ்வளவுதான். குழாயை இலக்கைப் பார்க்க வைத்தபடியே மனசுக்குள் முப்பது எண்ணினேன். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும், அதனால் உடனே திறக்கக் கூடாது. அப்புறம் திறந்து பார்த்தால் பிரைமரில் அழகான குழி விழுந்திருக்கிறது. போல்ட்டை மறுபடி சேர்த்து இன்னொரு தடவை அடித்தேன், டமார் என்று போனது. எனக்குப் பிரைமர் கம்பெனி மேல் கோபம். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் என் டப்பாவில் இருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் கட்டை விரலால் அதன் அடியைத் தடவினார். என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பிரைமர் விளிம்பு நகத்தில் தட்டியது. மிச்சம் இருந்த நாற்பத்தாறையும் மேசையில் தலைகீழாக நிறுத்தித் தடவிப் பார்த்தோம், பதினொன்று மேடாக நின்றது.

வீட்டுக்கு வந்து அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். கிரிம்பை வெட்டும் ரீமர் போட்டபோது வந்த பித்தளைச் சுருள் குழியின் மூலையில் கிடந்தது. அதன்மேல் பட்டடைக் கால் நின்றிருக்கிறது. முதல் அடி பிரைமரை உட்கார வைத்தது, இரண்டாவது அடிதான் வெடிக்க வைத்தது. ஏழு வருடம் லேத்தில் நின்றவன், கடைந்த துளையை ஊதித் துடைக்காமல் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். அதே தோட்டாவை, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கராண்ட் (Garand) ரைஃபிளில் போட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். அந்தத் துப்பாக்கியில் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் கிடையாது. போல்ட் வேகமாக வந்து மூடும்போது பின் முன்னால் துள்ளும். மேடாக நிற்கிற பிரைமர் அங்கே, விசை தொடாமலே வெடிக்கிற அபாயம்.

அன்றிலிருந்து எந்தக் கூட்டை எடுத்தாலும் எனக்குக் கேள்வி இரண்டுதான். பிரைமர் தரை வரை போகிறதா? போனபின் பிடித்து நிற்கிறதா? கரி, பளபளப்பு எல்லாம் இதற்கு அப்புறம்.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத்துக்காரர்கள் தவு என்பார்கள், அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். .308, .30-06 மாதிரியான பெரிய ரைஃபிள் பிரைமர் குழியின் ஆழம் 125 முதல் 132 தவு. .223 மாதிரி சின்ன பிரைமர் குழி 117 முதல் 123 தவு. பெரிய குழியின் விட்டம் 208.5 முதல் 210 வரை. பிரைமர் அதைவிட ஓரிரு தவு பெரிது. அந்த ஓரிரு தவு இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது, வேறு பசை எதுவும் கிடையாது. உட்கார்ந்த பிரைமர் கூட்டின் அடியில் இருந்து மூன்று முதல் ஐந்து தவு உள்ளே போயிருந்தால் நல்லது. வெர்னியர் காலிப்பரின் வால் கம்பி அந்தக் குழிக்குள் போகும், பத்துக் கூட்டை அளந்து பார். எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. .308 கூட்டில் சின்ன பிரைமர் குழி வைத்தும் விற்கிறார்கள், போட்டிக்காரர்கள் விரும்புவார்கள். உன் ராணுவக் கூட்டில் அது இருக்காது. ஆனால் ரேஞ்சில் தரையில் பொறுக்கியதைக் கலந்துவிட்டாயானால் ஒன்றிரண்டு மாட்டும். பெரிய பிஸ்டல் பிரைமரும் பெரிய ரைஃபிள் பிரைமரும் ஒரே விட்டம்தான், ஆனால் பிஸ்டலுடையது உயரம் குறைவு, கிண்ணமும் மெலிசு. அட்டைப் பெட்டியை மாற்றி எடுத்துவிடாதே.

இப்போது கிரிம்ப் எடுக்கும் வேலை. இரண்டு வழி இருக்கிறது. வெட்டி எடுக்கலாம், அல்லது அழுத்தி ஒதுக்கலாம்.

வெட்டுவது ரீமர். கையில் பிடித்துத் திருப்பும் ரீமர் மலிவு, லைமன், ஹார்னடி எல்லாரும் செய்கிறார்கள். கூட்டை இடது கையில் பிடித்து ரீமரைக் குழியில் நேராக நிறுத்தி இரண்டு மூன்று சுற்று. உதடு போனதும் கையில் தெரியும், கரகரப்பு நின்று வழுவழு என்று சுற்றும். அங்கே நிறுத்திவிட வேண்டும். புதுசாகச் செய்பவர் எல்லாரும் இங்கேதான் தப்புச் செய்வார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சுற்றி வாயைப் புனல் மாதிரி அகலமாக்கிவிடுவார்கள். அப்புறம் பிரைமரின் சுவரைப் பிடிக்கக் குழியில் சுவர் இருக்காது, சுடும்போது ஓரமாகப் புகை கசிந்து போல்ட் முகத்தைக் கருக்கும். டிரில்லில் மாட்டி ஓட்டாதே. ஐந்நூறு கூடு மலைப்பாக இருக்கும்தான், ஒரு நாளைக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டால் பத்து நாள். எனக்கு அது பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்கிற வேலை.

அழுத்தி ஒதுக்குவது ஸ்வேஜ். இதில் உலோகம் போகாது, உருண்டை முனை கொண்ட இரும்புத் தண்டு குழிக்குள் இறங்கி உதட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளும். டில்லன் கம்பெனியுடையது மேசையில் தனியாகப் பொருத்துவது, ஆர்சிபிஎஸ் கம்பெனியுடையது தோட்டா நிரப்பும் உன் பிரஸ்ஸிலேயே மாட்டுவது. டில்லனில் கூட்டின் உள்ளே ஒரு கம்பி போய் அடித்தரையைத் தாங்கும், வெளியே இருந்து தண்டு வந்து அழுத்தும். அதனால் தரையின் கனம் மாறினால் அழுத்தமும் மாறிப்போகும். ஒரே முத்திரை, ஒரே வருடக் கூடுகளாகப் பிரித்துவைத்துக்கொண்டு செய்தால் ஒரு தடவை செட் பண்ணியது போதும். கலந்து போட்டால் சிலது கூடுதலாக அகலும், சிலதில் உதடு அப்படியே இருக்கும். நீ வாங்கியது ஒரே இடத்துச் சரக்கு என்றால் அடியில் எல்சி என்றோ வேறு எழுத்தோ, பக்கத்தில் வருடத்தின் இரண்டு எண்ணோ, வட்டத்துக்குள் சிலுவை மாதிரி நேட்டோ குறியோ இருக்கும். அதை வைத்துப் பிரி.

எதை வாங்குவது என்கிறாய். ஐந்நூறுக்கு மேல் வாங்கப் போவதில்லை என்றால் கை ரீமர் போதும். ஆயிரக்கணக்கில் போவாய் என்றால் ஸ்வேஜ். எனக்குப் பிடித்தது ஸ்வேஜ். காரணம் சோம்பல் இல்லை, அது உலோகத்தைத் தின்னாது.

எதில் செய்தாலும் கிரிம்ப் வேலை ஒரு கூட்டுக்கு ஆயுளில் ஒரே தடவைதான். அடுத்த முறை சுட்டு எடுக்கும்போது இந்தத் தொல்லை கிடையாது.

அந்த யூனிஃபார்மர் யோசனைக்கு வருகிறேன். தொழிற்சாலையில் குழியை அச்சில் குத்தித்தான் செய்கிறார்கள், அதனால் தரையும் சுவரும் சேரும் மூலை கொஞ்சம் உருண்டையாக இருக்கும், ஆழமும் கூட்டுக்குக் கூடு ஓரிரு தவு மாறும். யூனிஃபார்மர் என்பது அடி தட்டையான வெட்டுக் கருவி. குறித்த ஆழம் வந்ததும் அதன் தோள் கூட்டின் அடியில் முட்டி நின்றுவிடும், அதற்குமேல் வெட்டாது. அருமையான கருவிதான். நூறு கெஜத்தில் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் விடுகிற பெஞ்ச்ரெஸ்ட்காரர்களுக்கு அது தேவை. உனக்கு? பத்து அளந்து பார்த்தாயே, அதில் 125க்குக் குறைவாக ஏதாவது வந்ததா? வந்திருந்தால் அந்த ஒன்றைக் கடை. இல்லையென்றால் அந்தக் காசில் கண்ணைக் காக்கும் நல்ல பாதுகாப்புக் கண்ணாடி வாங்கு. பிரைமர் வேலைக்குக் கண்ணாடி கட்டாயம், இது விளையாட்டு இல்லை. யூனிஃபார்மர் உனக்கு ஒரு விதத்தில் உதவும், அதையே கரி சுரண்டவும் வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

தீத்துளையின் உள்பக்கப் பிசிறு வேறு சமாச்சாரம். துளையையும் குத்தித்தான் போடுகிறார்கள் என்பதால் மருந்து இருக்கிற பக்கம் பிசிறு நிற்கும், சிலதில் கொடி மாதிரி துளையை மறைத்துக்கொண்டே நிற்கும். கூட்டின் வாய் வழியாக விடுகிற நீண்ட கருவி ஒன்று உண்டு, ஒரு சுற்றில் போய்விடும். ஆனால் அந்தக் கருவி பலதும் கூட்டின் வாய் விளிம்பை அளவாக வைத்துத்தான் ஆழத்தை நிறுத்தும், அதனால் கூடுகளை ஒரே நீளத்துக்கு வெட்டியபின் செய். லாப்புவா கம்பெனி மாதிரி கூட்டில் துளையை டிரில் போட்டே எடுக்கிறார்கள், அங்கே இந்த வேலை கிடையாது. துளையைப் பெரிதாக்கினால் நன்றாகப் பற்றும் என்று எவராவது சொன்னால் காதில் வாங்காதே. துளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாகப் போனால் பற்றுவதும் ஒவ்வொரு மாதிரியாகப் போகும்.

கரி. குழியில் இருப்பது பெரும்பாலும் பிரைமர் மருந்தின் சாம்பல். அதில் ஈயமும் பேரியமும் ஆன்டிமனியும் உண்டு. மெல்லிய கரி பிரைமரை ஒன்றும் செய்யாது. பாறை மாதிரி கட்டியாக மூலையில் உறைந்திருந்தால்தான் பட்டடைக் காலைத் தூக்கும். கம்பித் தூரிகையை ஒரு சுற்றுச் சுற்றித் தட்டிவிட்டால் போதும். பளபளக்க வைப்பது கல்யாண வீட்டுக் குத்துவிளக்குக்கு. ஆனால் அந்தத் தூசியில் ஈயம் இருக்கிறது என்பதை மறக்காதே. சமையல் மேசையில் செய்யாதே, குழந்தை தவழும் அறையில் செய்யாதே, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. தண்ணீரில் கழுவும் முறையில் தூசி பறக்காது, அதனால் நான் அதைத்தான் சொல்வேன்.

கழுவுகிறவர்கள் ஸ்டீல் ஊசி, தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு உருளையில் சுற்றுவார்கள். பிரைமரை முதலிலேயே எடுத்துவிட்டால் குழியும் புதுசு மாதிரி வந்துவிடும். எலுமிச்சை உப்பு என்றதும் நிறையப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்துவிடாதே. உன் அம்மா புளி போட்டு விளக்குத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறாய். மறந்துபோய்ப் புளியிலேயே விட்டால் விளக்கு அங்கங்கே ரோஸ் நிறமாகிவிடும், துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரிகிறது என்று அர்த்தம். உன் கூடு நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம். அதற்கும் அதே கதி. கால் மணி நேரம் தாராளம், அப்புறம் நல்ல தண்ணீரில் அலசு.

அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. இது நம் நாட்டுக் கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் வந்தால் தோட்டாவை லாயத்தில் வைத்துப் பாதுகாப்பார்கள், மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால் பித்தளையில் விரிசல் விட்டிருக்கும். பருவத்தில் வருகிற விரிசல் என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. குதிரை மூத்திரத்தில் இருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. அழுத்தத்தில் இருக்கிற பித்தளையை அம்மோனியா பிளந்துவிடும்.

கழுவியபின் இரண்டு தொல்லை வரும். ஸ்டீல் ஊசி இரண்டு ஜோடியாகச் சேர்ந்து தீத்துளையில் மாட்டிக்கொள்ளும். ஒன்றென்றால் உதறினால் விழும், ஜோடியாக மாட்டினால் விழாது. ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் பார், வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். இன்னொன்று ஈரம். குழியும் துளையும் நீரைப் பிடித்து வைக்கும், வெளியே காய்ந்த மாதிரி இருக்கும். இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் முற்றத்தில் பாயை விரித்துப் போட்டால் மத்தியானத்துக்குள் சருகாகிவிடும். ஹூஸ்டன் காற்றே ஈரம். ஓவனில் நூறு டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்து ஒரு மணி நேரம் காயவை, அதற்கு மேல் சூடு ஏற்றாதே. கூட்டின் அடி மென்மையாகிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

வரிசை கேட்டாயே. பிரைமரை எடு, கழுவு, காயவை, முத்திரை பார்த்துப் பிரி, கிரிம்ப் எடு, குழியை ஊதித் துடை. அப்புறம் டையில் அழுத்திக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து (சைஸ் பண்ணி), நீளம் வெட்டி, பிசிறு எடு. சைஸ் பண்ணும்போது தடவிய எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் பிரைமர் வைக்க வேண்டும், எண்ணெய்க் கையோடு பிரைமரைத் தொடாதே. மெஷின் கன்னில் சுட்ட கூடு என்றால் அது நிறைய இழுபட்டிருக்கும். வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு அடியோரமாகச் சுரண்டிப் பார், பள்ளம் தட்டினால் அந்தக் கூட்டை விட்டுவிடு. ராணுவக் கூட்டின் சுவர் கனம், உள்ளே இடம் குறைவு. மருந்து அளவைக் கையேட்டின் ஆரம்ப எண்ணில் இருந்து தொடங்கு, கடையில் வாங்கிய கூட்டுக்கு வைத்த அளவை இதில் அப்படியே வைக்காதே.

பிரைமர் வைப்பதைக் கைக்கருவியில் செய்யச் சொல்வேன். பிரஸ்ஸின் நீண்ட கைப்பிடியில் எதுவும் தெரியாது, கைக்கருவியில் எல்லாம் விரலுக்கு வந்துவிடும். முதலில் சும்மா போகும், அப்புறம் சீரான இறுக்கம், கடைசியில் கால் தரையில் ஊன்றுகிற மெல்லிய முட்டு. அதன்மேல் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். தொடக்கத்திலேயே முட்டினால் உதடு இன்னும் இருக்கிறது, எடுத்துவிட்டு ரீமருக்குத் திரும்பு. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறுக்கமே இல்லாமல் போனால் குழி அகன்றுவிட்டது. அது தேய்ந்து வருவதில்லை, அழுத்தம் அதிகமான தோட்டா கூட்டின் அடியையே விரித்துவிடுவதால் வருவது. அதைச் சரிசெய்யக் கருவி விற்பார்கள், வாங்காதே. குறட்டால் வாயை நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போடு. நசுக்காமல் ஓரமாக வைத்தால் ஆறு மாதம் கழித்து அது நல்ல கூட்டோடு கலந்து உன் கைக்கே திரும்பி வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

நீ நசுக்கிய மூன்றும் மருந்து இல்லாத வெறும் கூட்டில்தானே இருக்கிறது? கண்ணாடி போட்டுக்கொண்டு, டைக்குள் விட்டு, மெதுவாக, அடிக்காமல் அழுத்தி வெளியே தள்ளு. திருப்புளியால் நெம்பாதே. எண்ணெயில் ஊறவைத்தால் பிரைமர் செத்துவிடும் என்பார்கள், அதை நம்பாதே, உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள். மிச்சப் பிரைமரை அதன் அட்டைப் பெட்டியிலேயே வை. ஊறுகாய்ப் பாட்டிலில் கொட்டி வைத்தவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஒன்று பற்றினால் பாட்டில் முழுக்க ஒரே சமயத்தில் போகும், கண்ணாடிச் சில்லு வேறு.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னது எல்லாம் அமெரிக்காவில் வீட்டில் செய்கிற வேலை. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகமும், அதைச் செய்கிற இயந்திரமும் தோட்டா என்ற விளக்கத்துக்குள்ளேயே வருகிறது. அதைத் தயாரிக்க ஐந்தாம் பிரிவின் கீழ் தனி லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கி லைசென்ஸ் அதற்குப் போதாது. 2022இல் கேரள அரசு காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததில் இருந்து எங்கள் பக்கம் லைசென்ஸ்காரர்களுக்கு மவுசு கூடிவிட்டது. அதில் ஒருவர் 12-போர் ஷாட்கன் தோட்டாவை வீட்டிலேயே நிரப்ப முடியுமா என்று என்னிடமே கேட்டார். முடியாது, கேட்கவே வேண்டாம் என்றேன். அதன் பிரைமரே வேறு ஜாதி, இங்கே சொன்ன அளவு எதுவும் அதற்குப் பொருந்தாது.

மாப்பிள்ளை, ஏப்ரலில் நெம்மாறை வேலா திருவிழாவுக்கு வருகிறேன் என்றாயே. ரேஞ்சுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பையை ஊருக்கு எடுத்து வராதே. வேறு பை இல்லையென்றால் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்து உதறு, தையலுக்குள்ளும் விரலை விட்டுப் பார். மறந்துபோன ஒரு தோட்டா கோயம்புத்தூர் ஏர்போர்ட் ஸ்கேனரில் தெரிந்தால் வேலா பார்க்கப் போவது நெம்மாறையில் இல்லை, போலீஸ் ஸ்டேஷனில். ஒரு காலிக் கூடுகூட வேண்டாம். அக்காவிடம் நான் பதில் சொல்ல முடியாது.